பாதிரியார் கண்ட மக்கள் கட்சி

சமயப் பற்று மிக்க ஒருவர் அரசியல் கட்சி ஒன்றைத் தொடங்கினால், அது அவருடைய சமயத்தாருக்கு மட்டுமே உரியதாகிவிடுமா? அன்றி, சமயம் புகட்டிய அறத்தை எல்லா மக்களுக்கும் பொதுவாக்க அவரால் இயலுமா? இத்தாலி நாட்டின் கத்தோலிக்கக் குருவான லூயிஜி ஸ்டுர்சோ தம் வாழ்வையே இவ்வினாவுக்கு விடையாக்க முயன்றவர். அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஸ்டுர்சோ 1871ஆம் ஆண்டு சிசிலித் தீவின் கல்தஜிரோனே நகரில் பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் இத்தாலிய அரசின் படைகள் போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்த ரோமாபுரியைக் கைப்பற்றியிருந்தன. புதிய அரசோடு பிணங்கிய திருச்சபை, நாடாளுமன்றத் தேர்தல்களில் கத்தோலிக்கர் பங்குகொள்ளலாகாது எனத் தடுத்து வந்தது. அக்கட்டளைக்குப் பணிந்தோர் நாட்டின் அரசியலுக்குப் புறத்தே நின்றனர்.

1891இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல் இளைஞர் பலருடைய உள்ளத்தைக் கிளறியது. அவர்களுள் ஸ்டுர்சோவும் ஒருவர். 1894இல் குருவான அவர், ஏழை உழவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களும் கடன் வங்கிகளும் அமைக்கப் பாடுபட்டார். 1905 முதல் 1920 வரை, துணைத் தலைவர் என்னும் பெயரில், தம் ஊரின் நகராட்சியைத் தாமே நடத்தினார். சாலையும் பள்ளியும் வரியும் கணக்கும் அவருக்கு அரசியல் பாடங்களாயின.

முதல் உலகப்போர் முடிந்தபின், 1919 ஜனவரி 18ஆம் நாள், 'சுதந்திரமும் வலிமையும் உடையோர் அனைவருக்கும்' என விளித்து ரோமாபுரியிலிருந்து அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். இத்தாலிய மக்கள் கட்சி பிறந்தது. அதன் பெயரில் 'கத்தோலிக்க' என்னும் சொல் இல்லை. ஸ்டுர்சோ அதற்குக் கூறிய காரணம் எண்ணத்தக்கது: சமயம் அனைவரையும் ஒன்றாக்குவது, கட்சியோ இயல்பாகவே மக்களைப் பிரிப்பது, ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டுவது முரணாகும். விகிதாசாரத் தேர்தல் முறை, பெண்களுக்கு வாக்குரிமை, உள்ளாட்சிக்கு அதிகாரம், சிறு உழவர்க்கு நிலம் ஆகியவற்றைக் கட்சி கோரியது. அவ்வாண்டிலேயே திருச்சபையின் தடையும் முற்றும் நீங்கியது. நவம்பர்த் தேர்தலில் 508 இடங்களுள் 100 இடங்களைப் பத்து மாதக் குழந்தையாகிய இக்கட்சி பெற்றது.

இவ்வெற்றி நிலைக்கவில்லை. 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சியைப் பிடித்தார். மக்கள் கட்சியினர் சிலர் அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்றனர். ஸ்டுர்சோ அதனை விரும்பவில்லை. முதலிடம் பெறும் பட்டியல் 25 விழுக்காடு வாக்குப் பெற்றாலே மூன்றில் இரு பங்கு இடங்களை அதற்கு அளிக்கும் சட்டத்தை முசோலினி கொண்டுவந்தபோது, அவர் உறுதியாய் எதிர்த்தார். இங்கேதான் சோதனை வந்தது. பாசிச அரசோடு இணங்கிப்போக விழைந்த வத்திக்கானின் நெருக்குதலால், 1923 ஜூலையில் அவர் கட்சிச் செயலாளர் பதவியைத் துறந்தார். 1924 அக்டோபரில் நாட்டையும் நீங்கி இலண்டன் சென்றார். கட்சித் தலைவராகத் திருச்சபையைச் சாராது நின்றவரே, குரு என்ற முறையில் அதற்குக் கீழ்ப்படிந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கழிந்தன. 1926இல் கட்சியும் கலைக்கப்பட்டது.

ஆயினும் விதை அழியவில்லை. அவருக்குப்பின் செயலாளரான அல்சீடே டெ கஸ்பெரி 1927இல் சிறைப்பட்டு மறு ஆண்டு விடுதலையானார். 1929 முதல் வத்திக்கான் நூலகத்தில் நூற்பட்டியல் எழுதும் எளிய பணியில் அமர்ந்தார். கோப்புகளுக்கிடையே நாள் கழிக்கும் நம்மனோர்க்கு அக்காத்திருப்பின் கனம் விளங்கும். அவரே 1945 டிசம்பரில் இத்தாலியின் பிரதமரானார். கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவராக 1953 வரை ஆண்டார். பெண்கள் 1946இல் வாக்களித்தனர். புதிய அரசியலமைப்பு 1948 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

1952இல் பழைய சோதனை மீண்டும் வந்தது. ரோமாபுரி நகராட்சித் தேர்தலில் பொதுவுடைமையரைத் தடுக்க, பழைய பாசிசத்தாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென வத்திக்கான் வட்டாரத்தார் வற்புறுத்தினர். விந்தை யாதெனில், அத்திட்டத்திற்குத் தம் பெயரை அளித்தவர் முதுமையெய்திய ஸ்டுர்சோவே! டெ கஸ்பெரி இணங்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. பின்னர், தம் திருமணத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டிக் குடும்பத்தோடு போப்பாண்டவரைக் காண விழைந்தார்; அனுமதி மறுக்கப்பட்டது. ஆசான் வகுத்த நெறியை, ஆசானே தளர்ந்தபோதும், மாணவர் காத்தார்.

ஸ்டுர்சோ 1959இல் மறைந்தார். ஊழல் வழக்குகளால் நிலைகுலைந்த கிறித்தவ ஜனநாயகக் கட்சி 1994இல் முடிவுற்றது. சமயத்தின் பெயர் அதனைக் காக்கவில்லை. சமயவாணர் அரசியலுக்குக் கொணரத்தக்க செல்வம் அறவுணர்வு ஒன்றே. அதற்குரிய விலையைத் தாமே செலுத்த அவர் ஒருப்படல் வேண்டும். டெ கஸ்பெரி செலுத்தினார். அதனாலேயே அவர் பெயர் இன்றும் நிற்கிறது.