பஜாஜ் – டி.வி.எஸ். காப்புரிமை வழக்கு

பஜாஜ் – டி.வி.எஸ். காப்புரிமை வழக்கு என்பது, சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் வைப்பது புதிய கண்டுபிடிப்பா, முன்பே அறியப்பட்ட நுட்பமா என்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்காகும். இது 2007இல் தொடங்கி 2019இல் சமரசத்தில் முடிந்தது.

பின்னணி

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி பற்றவைக்கிறது. கலவையில் பெட்ரோலைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அது முழுமையாக எரிவது கடினம். உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரையுள்ள சிலிண்டரில் இரண்டு பிளக்குகளைப் பொருத்தி இக்குறையை நீக்கியதாகக் கூறி, பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2002 ஜூலை 16 அன்று விண்ணப்பித்தது. 2005 ஜூலையில் 195904 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றது.

ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம், அக்காப்புரிமையை நீக்கக் கோரி 2007 ஆகஸ்டில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தை நாடியது. அதே ஆண்டு டிசம்பரில், இரண்டு பிளக்குகள் கொண்ட 125 சிசி 'ஃபிளேம்' வண்டியை அறிமுகப்படுத்தியது.

வாதங்கள்

விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளியான நுட்பத்துக்குக் காப்புரிமை செல்லாது. விமான எஞ்சின்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள் வைப்பது பழைய வழக்கம். ஹோண்டாவின் அமெரிக்கக் காப்புரிமையிலும் இந்நுட்பம் உண்டு என்றும், தனது எஞ்சின் மூன்று வால்வுகள் கொண்டதால் வேறுபட்டது என்றும் டி.வி.எஸ். வாதிட்டது. சிறிய சிலிண்டரில் இதைச் செயல்படுத்தியதே புதுமை என்றது பஜாஜ்.

தீர்ப்புகள்

2008 பிப்ரவரி 16 அன்று தனி நீதிபதி, வழக்கு முடியும்வரை இரட்டை பிளக் வண்டியை விற்கத் தடை விதித்தார். டி.வி.எஸ். ஒற்றை பிளக்குடன் ஃபிளேமை விற்றது. மேல்முறையீட்டில், பஜாஜின் உரிமை முதல்நோக்கில் நிறுவப்படவில்லை என்று கூறி, 2009 மே 18 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது.

உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 16 அன்று, கணக்கு வைத்து விற்பனையைத் தொடர டி.வி.எஸ்.ஸை அனுமதித்தது, நவம்பர் 30க்குள் வழக்கை முடிக்கவும் ஆணையிட்டது. இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதங்களில் முடிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

முடிவு

ஆயினும் வழக்கு மேலும் பத்தாண்டுகள் நீடித்தது. 2019 அக்டோபரில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டு வழக்குகளைத் திரும்பப் பெற்றன. காப்புரிமையின் 20 ஆண்டுக் காலத்தில் அப்போது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. இரட்டை பிளக் புதுமையா, பழமையா என்ற கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வரவே இல்லை.