துன் சம்பந்தனும் தோட்டத் துண்டாடலும்

ஒருவர் நாடாளுமன்றத்தில் எத்தனை ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்பது ஒரு கணக்கு. அவர் அமர்ந்திருந்த காலத்தில் அவரைச் சார்ந்திருந்த மக்களுக்கு எது நிலைத்தது என்பது மற்றொரு கணக்கு. வரலாறு இரண்டாவது கணக்கையே பெரிதாகப் போற்றும். மலேசியத் தமிழர் வரலாற்றில் அவ்விரண்டு கணக்கையும் ஒருசேர வைத்து எண்ணத் தக்கவர் துன் வீ. தி. சம்பந்தன். 1955 முதல் 1974 வரை பத்தொன்பது ஆண்டுகள் அவர் மக்கள் பிரதிநிதியாக விளங்கினார். அவருடைய தொகுதி பேராக் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆயினும் அவர் எதிர்கொண்ட சிக்கல் நாடெங்கும் உள்ள தோட்டங்களுக்குப் பொதுவானது. அதன் வேரை அறிய நெகிரி செம்பிலான் தோட்டங்களைக் காண்பது நலம்.

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1891-ஆம் ஆண்டில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை அமைந்தது. பின்னர்க் காப்பி போய் ரப்பர் வந்தது. ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ், கிம்மாஸ் என எத்திசை நோக்கினும் பால்மரக் காடுகளே பரந்தன. அக்காடுகளை உருவாக்கியோர் கங்காணிகளின் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது, கோயில் கிடைத்தது, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்னும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் தமிழ்ப்பள்ளியும் கிடைத்தது. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் ஒரு முழ நிலமும் அவர்களுக்கு உரிமையாகவில்லை.

போருக்குப் பின் உரிமைக்குரல் எழுந்தது. 1946-இல் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தை அமைத்துப் பி. பி. நாராயணன் தம் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1948-இல் பிரிட்டனிலிருந்து இருவர் வந்து மலாயாவின் தொழிலாளர் நிலையையும் தொழிற்சங்கங்களையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். அவர்களுள் ஒருவர் ஸ்டான்லி ஆப்ரி. பிரிஸ்டல் நகரின் ஒரு தொகுதிக்கு 1945 முதல் 1964 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவ்வாண்டு சூன் திங்களில் அவசரகாலம் பிறந்தது. தீவிரச் சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாயின. நாராயணன் அதன் பொதுச்செயலாளரானார். பிரிட்டிஷ் உறுப்பினர் வந்தார், கண்டார், எழுதினார், திரும்பினார். இம்மண்ணிலேயே பிறந்து, இம்மக்களிடையே நின்று, சட்டமன்றத்தில் பேச வேண்டியவர் இன்னும் வர வேண்டியிருந்தது.

1919 சூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் சம்பந்தன். தந்தை வீரசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து உயர்ந்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளரானவர். மைந்தர் கோலகங்சாரில் ஆங்கிலக் கல்வி பெற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1954-இல் தம் ஊரில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி தோன்றக் காரணமானார். மறுவருடம் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே 1955-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கூட்டணி 52 இடங்களுள் 51-ஐ வென்றது. இந்தியர் காங்கிரசு போட்டியிட்ட இரண்டு இடங்களிலும் வெற்றி கண்டது. அவற்றுள் ஒன்று சம்பந்தனின் வடகிந்தா. அன்றைய வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு என்பதை எண்ணினால், அவ்வெற்றி பிற இனத்தவரின் நம்பிக்கையால் கிட்டியது என்பது விளங்கும். பின்னர்ச் சுங்கை சிப்புட் தொகுதி 1959, 1964, 1969 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரைத் தேர்ந்தெடுத்தது. தொழிலாளர், நலத்துறை, பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை ஆகிய பொறுப்புகளை அவர் அமைச்சராக வகித்தார்.

அக்காலத்தின் முதற்பெரும் வினா குடியுரிமை. விடுதலைப் பேச்சுகளில் பங்கேற்ற மூவினத் தலைவர்களுள் சம்பந்தனும் ஒருவர். 1957 ஆகத்து 31 முதல் மலாயாவில் பிறப்போர் குடிமக்கள் என்னும் விதி அரசியலமைப்பில் இடம்பெற்றது. வெளிநாட்டில் பிறந்து இங்கு வாழ்ந்தோர் விண்ணப்பித்துப் பெற வழி ஏற்பட்டது. சட்டத்தின் கதவு திறந்தது. ஆயினும் அக்கதவைக் கடக்கத் தோட்டத்து மக்களுள் பலரிடம் பத்திரம் இல்லை, எழுத்தறிவு இல்லை, நகரம் சென்று வர ஒருநாள் கூலியை இழக்கும் வசதியும் இல்லை. இதன் விலையை அவர்கள் பின்னாளில் கொடுத்தனர். வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-இல் வந்தது. அடுத்த ஆண்டு முதல் குடியுரிமை இல்லாதோர் வேலைசெய்ய அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரம் தொழிலாளர் தாம் வளர்த்த மரங்களையும் பெற்ற பிள்ளைகளையும் பிரிந்து கப்பலேறினர்.

இரண்டாம் வினா தோட்டத் துண்டாடல். ஐம்பதுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் சில தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் பெருந்தோட்டத்தைச் சிறுதுண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் கண்டனர். நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் சட்டப்படி 'தோட்டம்' ஆகாது. எனவே நிலம் துண்டானபோது உரிமைகளும் துண்டாயின. மருத்துவமனை, பள்ளி, குடியிருப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. கூலி குறைந்தது, குத்தகைக்காரர் கையில் வேலை சென்றது. தொழிற்சங்கம் ஒரு முதலாளியோடு வாதாடிக் கூலியை உயர்த்த முடியும். முதலாளியே விற்றுவிட்டு மறைந்தால் யாரோடு வாதாடுவது? 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். நோய் இன்னதென்று அறியப்பட்டது. ஆனால் விற்பனையைத் தடுத்து நிறுத்தும் சட்டம் வரவில்லை.

இவ்விடத்தில்தான் சம்பந்தனின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. அமைச்சரவையில் இருந்தும் சட்டத்தால் தடுக்க இயலாததைத் தொழிலாளரின் சேமிப்பால் எதிர்கொள்ள அவர் துணிந்தார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதனை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலியில் காலம் தள்ளியவர்க்குப் பத்து வெள்ளியும் பெரும்பணமே. அரிசிக் கடனும் கடைப்பற்றும் போக எஞ்சியதிலிருந்தே அதனை எடுத்துத் தர வேண்டும். அமைச்சரே தோட்டம் தோட்டமாகச் சென்று, நிலம் வாங்கும் நோக்கத்தை எளிய தமிழில் விளக்கினார். சிறுதுளி பெருவெள்ளமாயிற்று. 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலிக்குப் பால் வெட்டியவர்கள் பங்குரிமை பெற்ற தோட்டம் ஒன்று மலாயா மண்ணில் எழுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் பெயரோடு இன்றும் நிற்கிறது.

குறை கூறுவோர் அன்றும் இருந்தனர். கூட்டணி அரசில் அவர் விட்டுக்கொடுத்தது மிகுதி என்றனர்; கூட்டுறவு வாங்கிய நிலம் விற்கப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சிறிது என்றனர். இரண்டாவது கூற்றை மறுப்பது அரிது. பத்து வெள்ளி கொடுத்தவர் அனைவரும் தாம் வாழ்ந்த தோட்டத்தையே வாங்கிவிடவில்லை. பங்குச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே லயத்தைவிட்டு வெளியேறியோரும் உண்டு. கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் 1973-இல் தலைமைப் பதவியைத் துறந்தார். 1974 தேர்தலோடு தொகுதியும் பிறர் கைக்குச் சென்றது. 1979 மே 18-இல் அவர் மறைந்தபோது, தந்தை வைத்துச் சென்ற செல்வத்தின் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்திருந்தது. அரசியலில் புகுந்து செல்வம் சேர்ப்போர் பலர். சேர்ந்திருந்த செல்வத்தை அரசியலில் இழந்தோர் சிலர். அச்சிலருள் அவர் ஒருவர்.

நிலம் என்னும் கனவு நெகிரி செம்பிலானிலும் விதைக்கப்பட்டது. எழுபதுகளின் பிற்பாதியில் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தைச் சார்ந்த கட்கோ நிறுவனம் பகாவ் வட்டாரத்தில் நிலக் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கியது. தொழிலாளர் குடும்பங்கள் தம் சேமிப்பைக் கொடுத்துக் குடியேறின. திட்டம் பொருளாதார இடரில் வீழ்ந்தது. உரிமைப் பத்திரத்திற்காக அம்மக்கள் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. எண்பதுகளுக்குப் பின் செனவாங், நீலாய் போன்ற இடங்களில் தோட்ட நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்கள் இடிந்தன; மாணவர் குறைந்த பள்ளிகள் இடம்பெயர்ந்தன. சேமிப்பு மட்டும் போதாது. அதனைக் காக்கும் நேர்மையான நிருவாகமும் தன் பெயரில் பதிந்த பத்திரமும் வேண்டும் என்பதை இவ்வனுபவங்கள் உணர்த்துகின்றன.

துன் சம்பந்தன் மன்றத்தில் ஆற்றிய உரைகள் ஏடுகளில் உறங்குகின்றன. அவர் வகித்த பதவிகள் பிறரிடம் சென்றன. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த சங்கம் மட்டும் அவருக்குப் பின்னும் வாழ்கிறது. வாக்கு ஒருவனைக் குடிமகனாக்கும். சொந்த நிலமே அவனை வேரூன்றச் செய்யும். இந்த உண்மையைத் தோட்டத்து மக்களுக்கு உணர்த்தியதே அவருடைய பத்தொன்பது ஆண்டுப் பணியின் சாரம். தோட்டத்துப் பள்ளியில் படித்து உயர்ந்த ஒவ்வொரு தலைமுறையும், தன் பாட்டன் நட்ட மரமும் அது நின்ற மண்ணும் யாருக்குச் சொந்தமாயின என்று கேட்டு அறிதல் வேண்டும். அக்கேள்வியிலிருந்துதான் நம் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது.