சதுரங்க மென்பொருள்: ஆனந்த் முதல் குகேஷ் வரை



பிள்ளை சதுரங்கக் கழகத்தில் சேர்ந்துவிட்டான். எந்த மென்பொருளை வாங்கித் தரலாம் என்று செமோர் வட்டாரப் பெற்றோர் கேட்பதுண்டு. விடை காண வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த், ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் சதுரங்கம் கற்றார். சென்னை சோவியத்து பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகம் அவருக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று. குடும்பம் மணிலாவில் வாழ்ந்தபோது, தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாயும் மகனும் சேர்ந்து விடுவித்தனர். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய அடித்தளம் கணினியால் அமைந்ததன்று. புத்தகமும் புதிரும் எதிராளியும் அமைத்தவை.

சதுரங்கம் ஆடும் கணினியைப் பற்றிக் கிளாட் ஷானன் 1950-இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் ஆட்டங்களைத் தொகுத்துத் தேடும் தரவுத்தளத்தைத் தந்தது. 1991-இல் ஃபிரிட்ஸ் வந்தது. முன்னது நூலகம், பின்னது எதிராளி. 1997-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, உலக வெற்றியாளர் காஸ்பரோவை 3½ – 2½ என வென்றது. 2008-இல் தோன்றிய ஸ்டாக்ஃபிஷ் இலவசமானது. இன்று கைப்பேசியிலிருந்தே உலக வெற்றியாளரை வீழ்த்த வல்லது. ஆகவே, "எது வலிமையானது?" என்னும் கேள்விக்கே இனி இடமில்லை!

சென்னையின் குகேஷ் கணினி யுகத்தில் பிறந்தவர். ஆயினும், பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை அவரைக் கணினி ஆய்விலிருந்து விலக்கியே வைத்திருந்தார். மாணவன் தானே கணக்கிட்டுத் தானே முடிவெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். 2019-இல், 12 வயதில், குகேஷ் அப்பட்டத்தைப் பெற்றார். 2024 டிசம்பர் 12-ஆம் நாள், நம் அண்டை நாடான சிங்கப்பூரில், 14-ஆவது ஆட்டத்தின் 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறாக நகர்த்தினார். அந்நேரம் குகேஷுக்குத் துணை நின்றது அவருடைய சொந்தக் கணக்கே. 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனார்.

எனவே, தொடக்கநிலை மாணவருக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கையில் மூன்றை மட்டும் பாருங்கள். ஒன்று, ஆட்ட வலிமையைக் குறைத்துக்கொள்ளும் வசதி. எப்போதும் தோற்கும் பிள்ளை விளையாட்டையே வெறுத்துவிடும். இரண்டு, படிநிலையாக அமைந்த புதிர்கள். மூன்று, ஆடிய ஆட்டத்தைச் சேமித்து மீண்டும் பார்க்கும் வசதி. 2010-இல் தொடங்கிய லிசெஸ் இணையத்தளம் இம்மூன்றையும் விளம்பரமின்றி இலவசமாகவே வழங்குகிறது. பணம் செலவிடுவதாயின், நல்லதொரு சதுரங்கப் பலகை வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கணினியை உடனே திறக்க விடாதீர்கள். "எங்கே தவறியது?" என்று பிள்ளை முதலில் தன் கையால் எழுதட்டும், பிறகு கணினியுடன் ஒப்பிடட்டும். விடையைக் கணினி நொடியில் சொல்லிவிடும். சிந்திக்கும் பழக்கத்தை நாம்தான் வளர்க்க வேண்டும்.