நெருக்கடிப் பாதைக் கணக்கின் பூர்வீகம்

பெரிய நிர்மாண வேலை எதிலும் நூற்றுக்கணக்கான சிறு வேலைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன என்பதும், அவை அனைத்தையும் ஒருசேர அவசரப்படுத்துவது வீண் செலவு என்பதும் மேஸ்திரிகளும் இன்ஜினியர்களும் நெடுங்காலமாக அறிந்த விஷயங்களே. ஆயினும், எந்த வேலையைத் துரிதப்படுத்தினால் முடிவுத் தேதி முன்னால் வரும், எதை எவ்வளவு துரிதப்படுத்தினாலும் வராது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் முறை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கிய பின்னரே தொழில் உலகத்தின் வழக்கத்துக்கு வந்தது. ‘நெருக்கடிப் பாதை முறை’ என்ற அம்முறையைக் கால அட்டவணை போடுவதற்கான உபாயமாகவே இன்று எல்லோரும் கருதுகிறார்கள். ஆனால் அதை உண்டாக்கியவர்கள் பிரதானமாகத் தேடியது செலவுக் கணக்கையே. அச்செலவுக் கணக்கு எவ்வாறு வழியில் உதிர்ந்து, வெறும் காலக் கணக்கு மட்டும் நிலைபெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இம்முறைக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. போலந்து நாட்டு இன்ஜினியர் கரோல் அடாமியெட்ஸ்கி, வேலைகளின் முன்பின் சம்பந்தத்தைக் காட்டும் ஒரு வரைபடத்தை 1896-இலேயே வகுத்தார். ஆனால் அவர் எழுத்துக்கள் மேற்கு நாடுகளை வெகுகாலம் எட்டவில்லை. முதல் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் ஹென்றி கேண்ட் பிரசித்தப்படுத்திய பட்டை வரைபடமோ, ஒவ்வொரு வேலையும் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை ஒரே பார்வையில் காட்டியதே தவிர, ஒரு வேலை தாமதித்தால் அந்தத் தாமதம் எந்தெந்த வேலைகளுக்குப் பரவும் என்பதைக் காட்டவில்லை.

1956-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயனக் கம்பெனி, தன்னிடமிருந்த யூனிவாக் கம்ப்யூட்டரை இன்ஜினியரிங் வேலைகளுக்கு எவ்விதம் உபயோகிக்கலாம் என்று விசாரிக்கத் தலைப்பட்டது. கம்பெனியின் இன்ஜினியரிங் இலாகாவைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், யூனிவாக்கைத் தயாரித்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் கணித நிபுணர் ஜேம்ஸ் கெல்லியும் 1957-இல் இப்பணியில் சேர்ந்தனர். விலையுயர்ந்த யந்திரம் ஒன்று வேலை தேடி நிற்க, அதற்குத் தகுந்த பிரச்னையை மனிதர் தேடினார்கள் என்பது இச்சரித்திரத்தில் வேடிக்கையான அம்சம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்னை இதுதான். ஒரு வேலையைச் சாதாரண வேகத்தில் செய்தால் இன்ன காலம், இன்ன செலவு. ஆட்களையும் கருவிகளையும் கூட்டி இயன்றமட்டும் துரிதமாகச் செய்தால் காலம் குறைந்து செலவு ஏறும். இவ்வாறு ஒவ்வொரு வேலைக்கும் இரு ஜோடி எண்கள் கிடைத்தால், முழுத் திட்டத்தையும் இத்தனை நாளில் முடிக்க வேண்டுமென்றால் எந்தெந்த வேலைகளை எவ்வளவு துரிதப்படுத்துவது மிகக் குறைந்த செலவாகும் என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா? திட்டம் நீள நீள மேற்பார்வைச் செலவும் வட்டியும் ஏறிக்கொண்டே போவதால், இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது மொத்தச் செலவு மிகக் குறைவாயிருக்கும் ஒரு காலஅளவு வெளிப்படும். கெல்லி இதை நேரியல் திட்டமிடல் என்னும் கணிதத்தின் ஒரு பிரச்னையாக அமைத்துத் தீர்த்தார். அதன் கணித அடிப்படையை அவர் விளக்கிய கட்டுரையும், (ரெமிங்டன் ராண்டினின்று வேறான) ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்து ஃபல்கர்சன் வலைப்பாய்ச்சல் முறையில் அதே பிரச்னையைத் தீர்த்த கட்டுரையும் 1961-இல் பிரசுரமாயின.

இப்பெருங்கணக்கின் உள்ளே ஒரு சிறு கணக்கு அடங்கியிருந்தது. ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் பத்து நாள், அதன்மேல் சுவர் இருபது நாள் ஆகும். அஸ்திவாரம் தொடங்கும் அன்றே தச்சர் கைமரங்களை அறுத்து இழைக்கத் தொடங்கினால் பதினெட்டு நாள் ஆகும். இரண்டும் முடிந்தாலன்றிக் கூரை ஏற்ற முடியாது. தொடக்கத்திலிருந்து முன்னோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தால் கூரை வேலை முப்பது நாள் கழிந்தே தொடங்கும் என்றும், முடிவிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டு போனால் தச்சருக்குப் பன்னிரண்டு நாள் தளர்வு உண்டு, கொத்தனாருக்கு ஒரு நாளும் இல்லை என்றும் தெரிகிறது. தளர்வே இல்லாத வேலைகளின் தொடர்தான் நெருக்கடிப் பாதை. கெல்லியும் வாக்கரும் முதலில் அதைப் ‘பிரதானச் சங்கிலி’ என்றே அழைத்தார்கள். கூட்டலும் கழித்தலும் தவிர இதில் வேறு கணிதம் ஏதுமில்லை. நூற்றுக்கணக்கான வேலைகள் கொண்ட திட்டத்திலும் தளர்வற்றவை ஒரு சிறு பகுதியே என்று தெரிந்தபோது, தேதி நழுவினால் எல்லோரையும் இரவும் பகலும் வேலை வாங்கும் பழைய வழக்கம் எத்தனை அனாவசியமானது என்பதும் அம்பலமாயிற்று.

கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் இருந்த டூபான்ட் தொழிற்சாலை இம்முறைக்குச் சிறந்த பரீட்சைக் களமாயிற்று. அங்கே உற்பத்தியின்போது தானே வெடிக்கக்கூடிய பொருள் கையாளப்பட்டதால், யந்திரங்கள் ஓடும்போது பழுது பார்க்க இயலாது. எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும் ‘ஷட்டவுன்’ காலத்திலேயே பராமரிப்பு முழுவதையும் முடித்தாக வேண்டும், நிறுத்தி வைத்த ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். வழக்கமாக 125 மணி நேரம் பிடித்த அவ்வேலை, வலைப்படம் போட்டுத் திட்டமிட்ட பின் 93 மணி நேரத்தில் முடிந்தது. 1959 டிசம்பரில் பாஸ்டன் நகரில் நடந்த கம்ப்யூட்டர் மகாநாட்டில் கெல்லியும் வாக்கரும் தம் முறையை வெளியுலகுக்கு விவரித்தார்கள்.

இதற்கிடையே, 1958-இல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற சகோதர முறையைத் தனியாக உருவாக்கியிருந்தது. முன் அனுபவமே இல்லாத ஆராய்ச்சி வேலைகளுக்கு நாள் கணிப்பது கடினமாதலால், ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கையான, சாத்தியமான, மோசமான என மூன்று மதிப்பீடுகளை வாங்கிச் சராசரி காண்பது அதன் விசேஷம். செலவைப் பற்றி அது முதலில் கவலைப்படவே இல்லை. போலாரிஸின் வெற்றி பெர்ட்டுக்குப் பெரும் புகழைத் தந்தது. அப்புகழில் கணிசமான பகுதி, மேலதிகாரிகளையும் சட்டசபையினரையும் தூரத்தில் நிறுத்தி வைப்பதற்கு அது உதவியதால் வந்ததே என்று ஹார்வி சபோல்ஸ்கி 1972-இல் வெளியிட்ட நூலில் வாதித்திருப்பது எனக்குப் பெரிதும் பொருத்தமாகவே படுகிறது.

கெல்லியும் வாக்கரும் பின்னர் டூபான்ட்டையும் ரெமிங்டன் ராண்டையும் விட்டு, எனியாக் கம்ப்யூட்டரை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் மாக்லியின் புதிய நிறுவனத்தில் சேர்ந்து, இன்ஜினியர்களுக்கு இம்முறையைப் போதிக்கத் தொடங்கினர். அந்த வகுப்புகளின் காலத்திலேதான் செலவுக் கணக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது. காரணம் கணிதத்தில் இல்லை. ஒரு வேலையைச் சாதாரணமாகச் செய்ய எத்தனை நாள் என்று கேட்டால் காண்ட்ராக்டர் உடனே சொல்லிவிடுவார். மிகத் துரிதமாகச் செய்தால் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று கேட்டால், நம்பத்தக்க பதில் அவரிடம் இராது, இருந்தாலும் சொல்ல மாட்டார். யந்திரத்துக்கு வேண்டிய எண்களில் பாதி, மனிதர்களிடம் பெற முடியாத எண்கள். 1962-இல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவும் நாசாவும் பெர்ட்டுடன் செலவைச் சேர்த்து ஒரு கையேடு வெளியிட்டன. ஆனால் அதிலிருந்தது செலவைப் பதிவு செய்து கண்காணிக்கும் கணக்குப் புத்தகமே அன்றி, குறைந்த செலவைத் தேடும் கெல்லியின் கணக்கு அன்று.

எஞ்சிய காலக் கணக்குக்கோ கம்ப்யூட்டரே தேவையில்லை என்று நிரூபித்தவர் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையின் ஜான் ஃபாண்டல். யந்திரமின்றிக் காகிதத்திலேயே கட்டட வேலைகளுக்கு நெருக்கடிப் பாதை காணும் வழியை 1961-இல் ஓர் அறிக்கையாக அவர் வெளியிட்டார். அம்புக்குறிகளை வேலைகளாகக் கொண்ட பழைய வரைபடத்தில், தொடர்பைக் காட்டுவதற்காகவே ‘போலி வேலைகளை’ நுழைக்க வேண்டியிருந்த சங்கடத்தை, வேலையை வட்டத்திலும் தொடர்பைக் கோட்டிலும் வைத்து அவர் நீக்கினார். பிரான்சில் பெர்னார்ட் ராய் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதே அமைப்புக்கு வந்திருந்தார். ஃபாண்டலின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததும் அமெரிக்கக் கடற்படையே: அதன் ஒரு கிளை ஏவுகணைக்காகக் கம்ப்யூட்டர்களை ஓட்டிக்கொண்டிருக்க, கட்டடம் கட்டும் இன்னொரு கிளை பென்சிலுக்கு மானியம் வழங்கியது.

பிற்காலத்தில் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த திட்டமிடும் மென்பொருள்களில் நிலைத்தது ஃபாண்டல் வழிவந்த வரைபடமே. அம்புக்குறி வரைபடம் பெரும்பாலும் பாடப்புத்தகங்களுக்கு ஒதுங்கிவிட்டது. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்திலும் மாணவர்கள் முன்னோக்கிக் கூட்டியும் பின்னோக்கிக் கழித்தும் பாதையைக் காண்கிறார்கள். டூபான்ட் கம்பெனி எந்தக் கணக்குக்காக யந்திரத்தைத் தந்ததோ அந்தச் செலவுக் கணக்கு அப்பாடத்தில் இடம்பெறவில்லை.