சோலார் பம்புசெட்: தென்காசிக்குத் தனிக் கணக்கு

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் சோலார் பம்புசெட்டில் தண்ணீர் குறையும். பெரும்பாலும் இது பம்பின் பழுது அல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலையை ஒட்டி மேகம் கட்டி நிற்பதால் பேனலுக்கு வெயில் போதுவதில்லை. செங்கோட்டை, பண்பொழிப் பக்கம் சாரலாவது விழும். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கமோ மேகமும் காற்றும் வரும், மழை வராது. அங்குதான் நஷ்டம் அதிகம்.

விவசாயத்துக்கான சூரிய சக்தி, சாண எரிவாயுக் கருவிகளை அரசு நிதியில் ஆராய, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் ஒன்று நடக்கிறது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதில் ஒரு மையம். கோவையில் கிடைக்கும் முடிவு நமக்கு வழிகாட்டும். ஆனால் அங்கே குற்றாலச் சாரல் இல்லையே! காற்றாலை விஷயத்தில் நிலைமை வேறு. ஆய்க்குடியிலேயே கம்பம் நட்டு அரசு காற்றை அளந்தது. தேசிய காற்று சக்தி நிறுவனத்தின் சோதனை நிலையம் பக்கத்துக் கயத்தாற்றில் இருக்கிறது. பம்புசெட்டுக்கும் அப்படி உள்ளூர் அளவு வேண்டும். அதை நீங்களே எடுக்கலாம்.

வாரம் ஒரு நாள், காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் மணிக்கு 18,000 லிட்டர். தேதி, வானநிலை, கிணற்று நீர்மட்டம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். நீர்மட்டம் இல்லாத கணக்கு பயன்படாது.

பேனல் சாய்வையும் கவனியுங்கள். போபால் 23 டிகிரி அட்சரேகையில் உள்ளது, தென்காசி 9 டிகிரியில். சித்திரை தொடங்கி ஆவணி பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போது தெற்கு நோக்கிச் செங்குத்தாக நிறுத்திய பேனல் இருக்கிற வெயிலையும் இழக்கும். சாய்வை மாற்றும் வசதி இருந்தால் இந்த மாதங்களில் தாழ்த்தி வையுங்கள். முற்றிலும் படுக்க வைத்தால் தூசி தங்கும். 5 முதல் 10 டிகிரி போதும்.

ஒரு சீசன் குறிப்பு சேர்ந்ததும் ஊர்மேலழகியானில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்; கோவை மையத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவோர், வேளாண் பொறியியல் துறையில் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன், அக்கம்பக்கத்துப் பம்பு ஆடி மாதத்தில் எவ்வளவு இறைக்கிறது என்று கேட்டுவிட்டு குதிரைத்திறனை முடிவு செய்யுங்கள். பங்குனி வெயிலில் காட்டும் இறைப்பை மட்டும் நம்ப வேண்டாம்.