கமான் பட்டையில் அடித்த உளி

டவுனில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இப்போ மரவேலை மேல ஆசை வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஸ்டூல் செய்யணும், சின்ன அலமாரி செய்யணும்ங்கிறாங்க. எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: கம்மி விலையில் நல்ல உளி எப்படிப் பாத்து வாங்குறது? இதுக்கு பதில் சொல்லணும்னா, உளிக்கு எஃகு எங்கிருந்து வந்துச்சுங்கிற பழைய கதையைக் கொஞ்சம் பேசணும்.

திண்டுக்கல் சுத்துப்பட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்தில் உளி கடைச் சாமான் இல்லை. தச்சாசாரி அளவு சொல்லுவார், கொல்லாசாரி அடிச்சுக் கொடுப்பார். ஏர், நுகத்தடி, வண்டி எல்லாம் இவங்க ரெண்டு பேர் கையில்தான். கூலி களத்துமேட்டில். தூத்திக் குவிச்ச தானியத்தில் ஆசாரிக்குப் பங்கு அளந்து விடணும். அதுக்குப் பேரு ‘சுதந்திரம்’. கொடுக்காம வீட்டுக்கு மூட்டை ஏத்த முடியாது, அது அவரோட உரிமை.

எஃகு நமக்கு வெளியூர்ச் சரக்கும் இல்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலைத் தோண்டினப்போ ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின இரும்பு உலைகள் கிடைச்சிருக்கு. போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டு வரைக்கும் நம்ம ஆளுங்க எஃகு செஞ்ச விதத்தை ஜோசையா மார்ஷல் ஹீத்ங்கிற வெள்ளைக்காரர் எழுதி வச்சிருக்கார். இரும்புத் துண்டை மண் குகையில் போட்டு, கூடவே காஞ்ச ஆவாரங்குச்சி வச்சு, எருக்கலை மாதிரி பச்சை இலையால் மூடி, களிமண் பூசி உலையில் வைப்பாங்க. குச்சியில் இருக்கிற கரி இரும்புக்குள்ள இறங்கி எஃகாயிரும். ஆவாரையும் எருக்கும் எங்க வரப்பு ஓரம் பூரா நிக்கிற செடி. அந்த எஃகை லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் சோதிச்சுப் பாத்திருக்கார்.

இந்த ஹீத் கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது, காட்டு மரத்துக் கரி. உருக்கின இரும்பைக் கப்பலேத்தி இங்கிலாந்துக்கு, ஷெஃபீல்டு ஊருக்கு அனுப்பினாங்க. அங்க ஹன்ட்ஸ்மேன்ங்கிற கடிகாரக்காரர், கடிகார ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு வேணும்னு 1740-களிலேயே குகையில் உருக்குற முறையைக் கண்டுபிடிச்சிருந்தார். அப்புறம் ஹீத் 1839-ல், உருக்கும்போது மாங்கனீஸ் சேத்தா விலை குறைஞ்ச இரும்பிலேயே நல்ல எஃகு எடுக்கலாம்னு காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகளோட கோர்ட்டுக்கு அலைஞ்சே 1851-ல் செத்துப்போனார். பரங்கிப்பேட்டை ஆலையும் பின்னால மூடிருச்சு. நம்ம ஊரு இரும்பு அங்க போச்சு, ஷெஃபீல்டு முத்திரை குத்தின உளி இங்க வந்துச்சு. பருத்தியை வித்துட்டு வேட்டியைச் சீமையில் வாங்கின கதைதான்.

சீமைச் சாமான் வாங்க முடியாத ஆசாரிக்கு வழி விட்டது லாரி. எங்க திண்டுக்கல் சேலம்–மதுரை ரோட்டில் இருக்கு. லாரி ஓடுற ரோட்டில் கமான் கட்டுற பட்டறை இருக்கும், கமான் பட்டறை இருந்தா உடைஞ்ச பட்டை பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வரும். பாரம் தாங்குறதுக்குன்னே செஞ்ச எஃகு அது. பல பட்டைகளில் சிலிக்கானோட, ஹீத் சொன்ன அதே மாங்கனீசும் இருக்கும். அரிவாளும் உளியும் அதிலதான் அடிக்கிறாங்க. பழைய அரத்திலும் அடிக்கலாம். அது இன்னும் கடினம், ஆனா முரட்டுத்தனமா நெம்பினா முனை தெறிக்கும்.

எஃகு எவ்வளவு நல்லதா இருந்தாலும் துவைச்சல் சரியில்லைன்னா உளி வீண். சிவக்கக் காய்ச்சி முக்கினா எஃகு கண்ணாடி மாதிரி ஆயிரும். கமான் பட்டையை எண்ணெயில் முக்குறது நல்லது, தண்ணியில் சிலது கீறல் விடும். அப்புறம் தேய்ச்சுப் பளபளப்பாக்கி மறுபடி இளஞ்சூடு காட்டணும். முதல்ல வைக்கோல் நிறம் ஏறும், அடுத்து பழுப்பு, ஊதா, நீலம். உளிக்கு வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தணும். நீலம் வரைக்கும் போனா மெத்துன்னு ஆயி, முனை சீக்கிரம் மழுங்கும்.

இப்போ வாங்குற விசயம். கடையோ பட்டறையோ, பாக்க வேண்டியது ஒண்ணுதான். முனையோரத்தில் ஒரு சின்ன அரத்தை லேசா இழுத்துப் பாருங்க. வழுக்கினா துவைச்சல் ஏறியிருக்கு, கடிச்சா மெத்து. முதுகைக் கண்ணாடி மேல வச்சா ஆடக்கூடாது. சாய்வோட நீளம் பட்டையோட கனத்துக்கு ரெண்டு மடங்கு இருந்தா 30 டிகிரி, வேம்பு, கருவேலம் மாதிரி மரத்துக்குத் தாங்கும். இளமரத்துக்கு இன்னும் கொஞ்சம் நீட்டிச் சாணை பிடிக்கலாம். பிடி தலையில் பூண் இருக்கணும், இல்லைன்னா கொட்டாப்புளி அடியில் பிளந்துரும். பத்து உளி செட்டு வேண்டாம். கால், அரை, முக்கால், ஒரு இஞ்சி, இந்த நாலு போதும். மிச்சக் காசுக்கு நல்ல சாணைக்கல் வாங்குங்க. பெயிண்டும் பளபளப்பும் மரத்தை வெட்டாது.

டிராக்டர் வந்ததும் மரக்கலப்பை போச்சு, கலப்பையோட ஆசாரிக்கு வேலையும் போச்சு, களத்துச் சுதந்திரமும் போச்சு. துருத்தி ஊதின இடத்தில் மோட்டார் வந்த பிறகும் பல ஊரில் பட்டறை பூட்டித்தான் கிடக்கு. வைக்கோல் நிறம் எது, பழுப்பு எதுன்னு பாத்த உடனே சொல்ற கண்ணு அந்தப் பூட்டுக்குள்ள முடிஞ்சுபோகுது. எந்தப் புஸ்தகத்தில் படிச்சாலும் அந்தக் கண்ணு வராது.

அதனால நாலு உளியில் ரெண்டையாவது பட்டறையில் சொல்லி அடிங்க. அகலம், நீளம் தாளில் வரைஞ்சு கொடுங்க. பேரம் பேசாதீங்க, கரி விலை ஏறிப்போச்சு. துவைச்சல் வைக்கிற நேரம் பக்கத்தில் நின்னு நிறம் மாறுறதைப் பாருங்க. கேட்டா ஆசாரி சந்தோசமாச் சொல்லிக் கொடுப்பார்.