தேவிகுளம் என்னும் இரட்டைத் தொகுதி

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறிப் போடிமெட்டைக் கடந்தவுடன் கேரள ராஜ்யம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து தெற்கு நோக்கி விரிந்து கிடக்கும் ஏலக்காட்டு நாட்டிற்கு உடும்பஞ்சோலை என்று பெயர். உடும்பும் சோலையும் சேர்ந்த அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழருக்குப் பொருள் தோன்றும். மலையாளிகளுக்கும் அவ்வாறே தோன்றும். அந்நாட்டின் வரலாறு முழுவதும் இந்த இரட்டைத் தன்மையைக் காணலாம்.

இன்று உடும்பஞ்சோலை இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாலுகா. கேரள சட்டசபைக்கு ஓர் அங்கத்தினரை அனுப்பும் தொகுதியின் பெயரும் அதுவே. முற்காலத்தில் இது தேவிகுளம் தாலுகாவில் அடங்கியிருந்தது. 1957 இல் கேரளத்தின் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது, தேவிகுளம் என்பது இரண்டு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியாக இருந்தது. அந்த இரட்டைத் தொகுதி மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் பிழைப்பை நாடி டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர் அதன் கதையை அறிந்துகொள்வது நலம். பிழைக்க வந்த இடத்தில் ஒருவன் ஊரானா, வழிப்போக்கனா என்ற வினா அந்தத் தொகுதியில் எழுந்தது போல் அவ்வளவு கூர்மையாக வேறெங்கும் எழுந்ததில்லை என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் மக்கள் அங்கே சென்ற விதத்தைப் பார்ப்போம். 1877 ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தபின் தேயிலை நிலைத்தது. 1897 இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டது. தோட்டம் இருந்தால் போதுமா? கொழுந்து கிள்ளக் கை வேண்டும். திருவாங்கூரின் சமவெளியிலிருந்து அம்மலைக்கு ஏறும் வழி அந்நாளில் கடினமானது. கிழக்கே மதுரைச் சீமையிலிருந்து ஏறுவதோ எளிது. ஆகவே கங்காணிமார் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறித் தோட்டத்து லயங்களில் குடியமர்ந்தனர். தெற்கே ஏலமலையிலோ கதை சற்று வேறு. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சிறு முதலாளிகள் அங்கே ஏலத்தோட்டங்களை வைத்தனர்; விளைந்த காய் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு இறங்கியது. போடி இன்றும் ஏலக்காய் வியாபாரத்தில் பேர்பெற்ற ஊராக விளங்குகிறது.

இவர்கள் அனைவருக்கும் முன்பே முதுவரும் மன்னான்களும் அம்மலைகளில் வாழ்ந்து வந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகவே கூறிக்கொள்வர். பின்னாளில் மலை யாருக்குரியது என்று தமிழரும் மலையாளிகளும் வாதிட்டபோது, இவர்களை அழைத்துக் கேட்டவர் அதிகமில்லை.

திருவாங்கூர் சமஸ்தானத்தில் 1888 லேயே ஒரு சட்டசபை ஏற்பட்டது; 1904 இல் ஸ்ரீமூலம் பிரஜாசபை தோன்றியது. ஆனால் வாக்குரிமை சொத்தையும் வரியையும் பொறுத்திருந்தது. லயத்தில் வாழும் தொழிலாளிக்கு வரி ஏது? 1948 இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற முறையில் தேர்தல் நடந்தபோதுதான், கொழுந்து கூடையைச் சுமந்தவர்கள் அரசியல் கணக்கில் இடம்பெற்றனர். அத்தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற புதுக்கட்சி 14 ஸ்தானங்களை வென்றது. தமிழர் மிகுந்த தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அக்கட்சியின் ஒரே கோரிக்கை. அதன் தலைவர்களில் முதன்மையானவர் மார்ஷல் நேசமணி. தெற்கே தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, கிழக்கே செங்கோட்டை, வடக்கே மலைமேல் தேவிகுளம், பீர்மேடு ஆகியவை அக்கட்சியின் கோரிக்கையில் அடங்கின.

1954 இல் பட்டம் தாணுப்பிள்ளையின் மந்திரிசபை பதவிக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தேவிகுளத்தில் தடையுத்தரவை மீறி நேசமணி முதலியோர் கைதாயினர். மலையில் மூண்ட நெருப்பு தெற்கே பரவிற்று. ஆகஸ்டு 11 ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் போலீசார் சுட்டனர்; உயிர்கள் பல மாண்டன. குமரி மாவட்டப் போராட்டம் என்று நாம் இன்று குறிப்பிடும் வரலாற்றில் தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளருக்கும் இவ்வாறு ஒரு பங்கு உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் அடங்கிய ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையைத் தந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே என்றது. 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டிருந்தனர். பீர்மேட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தமிழர் தரப்பார் இக்கணக்கையே ஆதாரமாகக் கொண்டனர். மதுரை ஜில்லாவுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை பீர்மேட்டு மலையில் இருப்பதும் அவர்கள் மனத்தில் இருந்தது. கேரளத் தரப்பாரோ, அவர்களிற் பெரும்பாலோர் கூலிக்கு வந்து போகும் மக்கள், நிலையான குடிகள் அல்லர் என்றனர்.

இந்த வாதத்தைச் சற்றே நிதானித்து நோக்க வேண்டும். 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஓரிடத்தில் சாதாரணமாகக் குடியிருப்பவனை அவ்விடத்து வாக்காளனாக ஏற்கிறது. ஆதியில் 180 நாட்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்றிருந்தது. சொந்த ஊரில் வீடு வைத்திருப்பது மட்டும் அவ்வூரில் வாக்குரிமை தராது என்பதும் சட்டத்தின் கருத்து. இதன்படி லயத்தில் பிறந்து லயத்திலேயே பிள்ளை பெற்றவள் தேவிகுளத்து வாக்காளர்தான். அவள் பெயர் பட்டியலில் ஏறியது. அவள் வாக்கும் எண்ணப்பட்டது. எல்லை வகுக்கும்போது மட்டும் அவள் வந்து போகிறவள் ஆனாள். தேர்தலுக்கு ஒரு கணக்கு, எல்லைக்கு ஒரு கணக்கு என்ற இந்த முரண்பாட்டை யாரும் அந்நாளில் தீர்த்து வைத்ததாகத் தெரியவில்லை. கமிஷனும் மொழிக் கணக்கு ஒன்றையே கொண்டு தீர்ப்புக் கூற மறுத்து, பொருளாதாரம் முதலிய காரணங்களை முன்வைத்தது.

இதே காலத்தில் மலையின் ஜனத்தொகையும் மாறிக்கொண்டிருந்தது. 1940 களில் உணவுப் பஞ்சம் நேர்ந்தபோது, அதிக உணவு விளைவிக்கும் திட்டத்தின்கீழ் சமவெளி விவசாயிகள் மலையேறத் தொடங்கியிருந்தனர். பட்டம் மந்திரிசபை குடியேற்றத் திட்டம் ஒன்றை வகுத்துக் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் வழங்கியது. உடும்பஞ்சோலையில் கல்லாறு என்னுமிடத்தில் 1955 இல் ஏற்பட்ட குடியேற்றம் பட்டம் காலனி என்றே பெயர் பெற்றது. மொழிக் கணக்கை மாற்றவே இந்த ஏற்பாடு என்று தமிழர் தரப்பார் குற்றஞ்சாட்டினர். நிலமற்றோர்க்கு நிலமும் நாட்டுக்கு உணவும் என்பது அரசாங்கத்தின் விளக்கம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம் என்பது நம் எண்ணம். காட்டானையோடும் மலைச்சுரத்தோடும் போராடிக் குடிசை கட்டிய அந்த ஏழை விவசாயியும் பிழைக்க வந்தவனே அல்லவா?

1956 நவம்பர் முதல் நாள் கேரள ராஜ்யம் பிறந்தது. சில மாதங்களில் தேர்தல் வந்தது. 126 ஸ்தானங்கள், 114 தொகுதிகள். பன்னிரண்டு தொகுதிகள் இரண்டிரண்டு அங்கத்தினர்க்குரியவை. தேவிகுளம் அவற்றுள் ஒன்று. இம்முறையை இக்காலத்தார் அறியார் ஆதலால் விளக்குவோம். இரண்டு ஸ்தானங்களில் ஒன்று பொது, மற்றொன்று தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே அபேட்சகருக்கு அளித்தல் கூடாது. முதலில் ஒதுக்கப்பட்ட ஸ்தானத்துக்குரியவரைத் தேர்ந்து, பிறகு எஞ்சியோருள் அதிக வாக்குப் பெற்றவரைப் பொது ஸ்தானத்துக்கு அறிவிப்பர். எஞ்சியோருள் முதல்வரும் ஒதுக்கீட்டுக்குரிய வகுப்பினராகவே அமைந்துவிட்டால்? 1957 இல் ஆந்திர நாட்டுப் பார்வதிபுரம் பாராளுமன்றத் தொகுதியில் அவ்வாறே நேர்ந்தது. பின்னாளில் ஜனாதிபதியான வி. வி. கிரி தோல்வியுற்றார். அவர் தொடுத்த வழக்கில் 1959 இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவு செல்லும் என்றது. அதன்பின் இரட்டைத் தொகுதிகளின்மீது கட்சித் தலைவர்களுக்குப் பிரியம் குறைந்ததில் வியப்பில்லை.

தேவிகுளத்தில் கம்யூனிஸ்டு அபேட்சகரான ரோசம்மா புன்னூஸ் ஒரு ஸ்தானத்தையும், காங்கிரஸ் அபேட்சகரான என். கணபதி மற்றொன்றையும் பெற்றனர். ரோசம்மா, திருவாங்கூர் விடுதலைப் போராட்டத்தில் புகழ்பெற்ற அக்கம்மா செரியானின் தங்கை. கேரள சட்டசபையில் முதன்முதல் பிரமாணம் எடுத்துக்கொண்டவர் அவரே. தற்காலிக சபாநாயகராக இருந்து மற்றவர்க்குப் பிரமாணம் செய்வித்தவரும் அவரே. ஆனால் தேவிகுளம் தேர்தலில் காங்கிரசைச் சேர்ந்த தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் பி. கே. நாயரின் மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. அது தவறு என்று வழக்குத் தொடரப்பட்டது. அக்காலத்தில் இத்தகைய வழக்குகளைத் தேர்தல் டிரிபியூனல் விசாரிக்கும். டிரிபியூனல் ரோசம்மாவின் தேர்தலை ரத்துச் செய்தது.

1958 இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ. எம். எஸ். மந்திரிசபைக்குக் கட்சியின் அறுபது பேரும், ஆதரவு பெற்ற ஐந்து சுயேச்சைகளும் சேர்ந்து 65 பேரே பலம். ஒரு ஸ்தானம் போனாலும் மந்திரிசபை ஆட்டம் காணும். ஆகவே இந்தியா முழுவதும் அந்த மலைத்தொகுதியை உற்று நோக்கியது. எல்லைப் போராட்டம் நடந்து நான்கு ஆண்டுகளே ஆன அவ்விடத்தில், பெரும்பாலும் தமிழராயிருந்த தொழிலாளர்முன் இப்போது நின்ற முக்கிய அபேட்சகர் இருவரும் மலையாளிகள். கூலியும் போனசும் சங்கமுமே பேச்சாக இருந்தன. ஆனால் பிரசாரம் தமிழில் நடந்தாக வேண்டும் அல்லவா? மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மேலேறித் தோட்டந்தோறும் பாட்டிசைத்தார். பிற்காலத்தில் இசையமைப்பாளர் இளையராஜாவின் அண்ணன் என்று உலகம் அவரை அறிந்தது. அந்நாளிலோ தேயிலைத் தொழிலாளருக்கு அவர்தாம் அறிமுகமான குரல். ரோசம்மா பி. கே. நாயரைத் தோற்கடித்து மீண்டும் சபைக்குச் சென்றார். அவர் 2013 டிசம்பரில் தம் நூறாவது வயதில் காலமானார்.

வாக்களித்த தொழிலாளர்க்கு நிம்மதி வந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. அவ்வாண்டு அக்டோபரிலேயே மூணாற்றில் வேலைநிறுத்தம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. மறு வருஷம் ஜூலை 31 ஆம் நாள் அந்த மந்திரிசபையே கலைக்கப்பட்டது.

இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் 1961 இல் நிறைவேறியது. புதிய எல்லை வகுப்பின்படி 1965 தேர்தலில் தேவிகுளம் ஓர் அங்கத்தினர்க்குரிய ஒதுக்கீட்டுத் தொகுதியாயிற்று. உடும்பஞ்சோலை தன் பெயரிலேயே ஒரு பொதுத் தொகுதியாயிற்று. 1972 ஜனவரி 26 இல் இடுக்கி மாவட்டம் உருவானது. இப்பிரிவினையின் விளைவு கவனிக்கத்தக்கது. தேயிலைத் தோட்டத் தமிழர் தேவிகுளத்தில் திரண்டிருந்தமையால் எஸ். சுந்தரமாணிக்கம், ஏ. கே. மணி, எஸ். ராஜேந்திரன் எனத் தமிழர்களே அங்கிருந்து சபைக்குச் சென்றனர். ஏலக்காட்டுத் தமிழரோ சிதறியிருந்தனர். குடியேறிய விவசாயிகளின் பெருக்கம் உடும்பஞ்சோலையின் போக்கை நிர்ணயித்தது.

2021 இல் தேவிகுளத்தில் வெற்றி பெற்ற ஏ. ராஜா, கேரள சட்டசபையில் தமிழிலேயே பிரமாணம் எடுத்தார். மொழிபெயர்ப்பு வாசகத்தில் குறை கண்டு, அவரை மறுபடி பிரமாணம் எடுக்கச் செய்தனர். பின்னர் அவர் தேர்தலும் நீதிமன்றம் ஏறியது. 1966 இல் சட்டம் திருத்தப்பட்டது முதல் இவ்வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கே உரியவை. ஒதுக்கீட்டுத் தொகுதியில் நிற்க அவருக்கு உரிமை உண்டா என்பது வழக்கு. மத விஷயத்தோடு, அவருடைய முன்னோர் 1950 ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுக்கு முன்பே திருவாங்கூரில் குடியேறியவர்களா என்பதும் விவாதிக்கப்பட்டது. ஒரு ராஜ்யத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர் மற்றொரு ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்தச் சலுகை அவருடன் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990 இல் கூறியிருக்கிறது. ஆகவே பாட்டன் பாட்டி எந்த வருஷம் மலையேறினர் என்பது பேரனின் வழக்கில் முக்கியமாயிற்று. பிற ராஜ்யங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இது நேரடியாகப் பொருந்தும் விஷயம். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அத்தேர்தலை ரத்துச் செய்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, ராஜாவின் தேர்தல் செல்லும் என்றது.